எந்தக் கதவைத் தட்டுவது?

(மூன்றாமாண்டு, இளங்கலைப் பொருளியல்)

‘மக்கள் நல அரசு என்றால் என்ன?’ என்பது இரண்டாமாண்டுத் தேர்வில் எங்களுக்கு வந்த பத்து மதிப்பெண் வினா. நானும் விடை எழுதினேன். முதியோர், விதவையர், நோயாளிகள், வேலையற்றோர் ஆகியோரைக் காப்பது அரசின் கடமை என்று இரண்டரைப் பக்கம் எழுதி எட்டு மதிப்பெண் பெற்றேன். அதே வாரத்தில், அம்மாப்பேட்டையில் எங்கள் தெருக்கோடியில் குடியிருக்கும் ஆயா ஒருவர் என்னை வழிமறித்து, “ஏன் கண்ணு, நீ காலேசுல படிக்கறயே, இந்த முதியோர் பணம் வாங்கறதுக்கு யாரைப் போய்ப் பாக்கோணும்?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

அந்த ஆயாவுக்கு வயது அறுபத்தெட்டு இருக்கும். கைத்தறிக்குத் தார் சுற்றியே வாழ்நாளைக் கழித்தவர். கண் மங்கிய பிறகு அந்த வேலையும் நின்றுவிட்டது. ஓட்டு வீட்டின் முன்னறை ஒன்றில் வாடகைக்குத் தனியே இருக்கிறார். அவர் கேட்காமலும் இல்லை. வார்டில் கேட்டாராம், வேறோர் அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்களாம். அங்கே போனால் கணினி மையத்துக்குப் போகச் சொன்னார்களாம். கணினி மையத்தில், “என்ன தாளெல்லாம் இருக்குது?” என்று கேட்டதும் திரும்பி வந்துவிட்டாராம். இப்படி மூன்றாண்டுகள் கழிந்திருந்தன. உதவித் திட்டம் இருந்தது. உதவி வேண்டியவரும் இருந்தார். இரண்டையும் சேர்க்கும் வழிதான் இல்லை. அந்த வழியைத் தேடியலைந்ததில் நான் அறிந்துகொண்டவற்றையே இங்கே எழுத விழைகிறேன். பேராசிரியப் பெருமக்கள் பிழை கண்டால் பொறுத்துத் திருத்துவார்களாக.

இத்தேடலில் நான் இறங்கியதற்குச் சொந்தக் காரணமும் ஒன்று உண்டு. என் தந்தை செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறை ஒன்றில் கூலிக்கு வேலை செய்தார். நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது ஒருநாள் பட்டறையிலேயே மார்வலி வந்து இறந்துபோனார். அவருக்கு வயது நாற்பத்தாறு. பொற்கொல்லருக்கென்று தமிழ்நாட்டில் ஒரு நலவாரியம் இருப்பதும், அதில் பதிந்த தொழிலாளி இறந்தால் குடும்பத்துக்கு உதவித்தொகை உண்டு என்பதும் எங்களுக்கு அப்போது தெரியாது. உயிரோடு இருந்தபோதே பதிந்திருக்க வேண்டும்; இறந்த பிறகு பதிய முடியாது. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்தில் உழைத்துச் சம்பாதிப்பவர் அறுபது வயதுக்குள் இறந்தால், தேசியக் குடும்ப நல உதவித் திட்டத்தின்கீழ் 20,000 ரூபாய் ஒருமுறை தரப்படும் என்பதையும் நான்காண்டுகள் கழித்து ஒரு சுவரொட்டியில் பார்த்துத்தான் அறிந்தோம். அம்மாவுக்கு ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் கிடைத்தது மட்டும் என் பள்ளி ஆசிரியை ஒருவரால். அவர் தாமே விண்ணப்பத்தை நிரப்பி, தம் செலவில் அம்மாவை இரண்டுமுறை அழைத்துச் சென்றார். அவர் இல்லையென்றால் நான் இன்று இக்கல்லூரியில் இருந்திருப்பேனா என்பது ஐயமே.

இனிச் செய்திக்கு வருகிறேன். நகரத்து ஏழை தடுமாறுவதற்கு முதற்காரணம், அரசு என்பது ஓரிடம் அன்று என்பதே. சேலம் நகராட்சி 1994இல் மாநகராட்சி ஆயிற்று. சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி என அதற்கு நான்கு மண்டலங்கள். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதன் எல்லைக்குள் 8,29,000 பேருக்குமேல் வாழ்ந்தனர். தெருவிளக்கு, குடிநீர், பிறப்பு இறப்புச் சான்று, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், தெருவோர வியாபாரிக்கான அடையாள அட்டை ஆகியன மாநகராட்சியைச் சேர்ந்தவை. ஆனால் வருமானச் சான்று, சாதிச் சான்று, வாரிசுச் சான்று, முதியோர் ஓய்வூதியம் ஆகியவை மாநகராட்சிக்கு உரியவை அல்ல. அவை வருவாய்த்துறையைச் சேர்ந்தவை. நகரமே சேலம், சேலம் மேற்கு, சேலம் தெற்கு என்னும் வட்டங்களில் அடங்கியிருக்கிறது. உங்கள் தெரு எந்த வட்டம் என்பது தெரியாமல் வேறு வட்டத்தின் அலுவலகத்தில் போய் நின்றால் அரைநாள் கூலி வீண். நகரத்திலும் ‘கிராம நிர்வாக அலுவலர்’ உண்டு என்று கேள்விப்பட்டபோது நான் சிரித்தேன். ஆனால் மாநகரத்து ஏழைக்கு வேண்டிய தாள்களில் பாதிக்குமேல் அவரிடமிருந்தே தொடங்குகின்றன.

நலவாரியங்களோ தொழிலாளர் துறையைச் சேர்ந்தவை. ரேஷன் அட்டை உணவு வழங்கல் துறைக்கு உரியது. மருத்துவக் காப்பீட்டுக்கு ஆட்சியர் அலுவலகத்தில் தனிப் பதிவு மையம் உண்டு. வழக்குச் செலவுக்கு வழியற்றோர்க்கு நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞரை அமர்த்தித் தருகிறது. பெண்களும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களும் வருமானக் கணக்கின்றியே இவ்வுதவியைப் பெறலாம். இத்தனை கதவுகளையும் ஒரே பலகையில் எழுதி வைத்த இடம் எதையும் நான் எங்கள் பகுதியில் காணவில்லை.

ஓய்வூதியத்தின் வரலாறு பெருமைக்குரியது. 1962இல் தமிழகம் ஆதரவற்ற முதியோர்க்கு மாதம் 20 ரூபாய் என்று இதைத் தொடங்கியது. ஆதரவற்ற விதவையர்க்கு 1975இலும், கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கு 1986இலும் இது விரிந்தது. மைய அரசு தேசிய அளவில் சமூக உதவித் திட்டத்தைக் கொண்டுவந்தது 1995இல்தான். 2011இல் 1,000 ரூபாயாக உயர்ந்த தொகை 2023இல் 1,200 ரூபாய் ஆக்கப்பட்டது. இதில் எண்பது வயதுக்குட்பட்ட முதியவருக்கு மைய அரசின் பங்கு 200 ரூபாய்தான் என்பதைப் பொருளியல் மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டி சேலையும் உண்டு.

விண்ணப்பம் இ-சேவை மையத்தில் பதியப்படுகிறது. நாங்கள் சென்றபோது கட்டணம் 10 ரூபாய். வருமானச் சான்று போன்றவற்றுக்கு 60 ரூபாய். ஆதார் அட்டை, ரேஷன் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படம் ஆகியன வேண்டும். விண்ணப்பம் அங்கிருந்து கிராம நிர்வாக அலுவலர்க்கும், பின்னர் வருவாய் ஆய்வாளர்க்கும், இறுதியாகச் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர்க்கும் செல்கிறது. எழுதும்போது எளிதாகத்தான் இருக்கிறது!

ஆயாவின் தாள்களை அவருடைய தகரப் பெட்டியிலிருந்து எடுத்துத் திண்ணையில் பரப்பியபோதுதான் சிக்கல் விளங்கியது. வாக்காளர் அட்டையில் அவர் பெயருக்கு முன்னால் தந்தையாரின் முதலெழுத்து. ஆதாரில் கணவரின் முதலெழுத்து. வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்தே இல்லை. இதுகூடப் பெரிதில்லை, ஆதாரில் உள்ளபடியே வங்கியிலும் மாற்றி எழுதச் செய்து இரண்டு வாரத்தில் சரிசெய்தோம். பெரிய முட்டுக்கட்டை ரேஷன் அட்டையில் இருந்தது. அவர் பெயர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் மகனின் அட்டையில் இருந்தது. கணினி அவரை மகனோடு வாழும் தாயாகவே காட்டிற்று. மகன் பொல்லாதவர் அல்லர். மூன்று பிள்ளைகளுடன் ஒற்றை அறையில் இருக்கிறார், தீபாவளிக்கு வருவார், கையில் இருந்தால் ஐந்நூறு கொடுப்பார்.

“மகன் அட்டையில இருந்து உங்க பேரை எடுத்துட்டுத் தனி அட்டை போடோணும், ஆயா” என்றேன். அவர் என் கையிலிருந்த தாள்களை வாங்கி ஒவ்வொன்றாக மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். “எம் பையன் பேரோட இருக்கற பேரை வெட்டச் சொல்றயா கண்ணு? அவன் சோறு போடலைன்னு நானே எழுதிக் குடுக்கறதா? அந்தப் பணம் எனக்கு வேண்டாம்” என்றார்.

எனக்கு முதலில் சினம்தான் வந்தது. பின்னர் எண்ணிப் பார்த்தேன். விண்ணப்பத்தில் ‘ஆதரவற்றவர்’ என்று ஒரு சொல் இருக்கிறது. அலுவலகத்துக்கு அது ஒரு தகுதிச் சொல். நாற்பதாண்டுகள் இராட்டையின் முன் உட்கார்ந்து ஒரு பிள்ளையை ஆளாக்கிய தாய்க்கு அது அப்படி இல்லை. உதவியைத் தேடிப் போகாமல் பலர் வீட்டோடு இருந்துவிடுவதற்கு அறியாமை ஒன்றே காரணம் என்று நம் பாடநூல்கள் எழுதுகின்றன. மானமும் ஒரு காரணம் என்பதை நான் அன்றுதான் கண்டேன். அந்தச் சொல்லை மாற்றி ‘முதியோர் உரிமைத் தொகை’ என்று வைத்தால் கருவூலத்துக்கு ஒரு காசு கூடச் செலவில்லை. 2023 செப்டம்பர் 15இல் தொடங்கிய குடும்பத் தலைவியர்க்கான 1,000 ரூபாய்த் திட்டத்துக்கு ‘மகளிர் உரிமைத் தொகை’ என்று பெயரிட்டார்கள். எங்கள் தெருவில் அதை வாங்குவதற்கு ஒருவரும் நாணவில்லை.

மூன்று வாரம் ஆயா என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு எப்படியோ மகனுக்கே செய்தி போயிற்று. அவரே என்னைத் தொலைபேசியில் அழைத்து, “எடுத்துருங்க தம்பி. அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்” என்றார். பெயர் நீக்குவதற்கு அவருடைய கைப்பேசிக்கு வரும் எண்ணைச் சொல்ல வேண்டும். வேலை நேரத்தில் எந்திரத்தை நிறுத்திவிட்டு அவர் அந்த எண்ணைப் படித்துச் சொன்னார். இரண்டாம் முறைதான் சரியாகக் கேட்டது. பெயர் நீக்கச் சான்று, தனிச் சமையல், வாடகைக்கு இருப்பதற்குச் சான்று, விசாரணை என்று புதிய அட்டை வர ஐந்து மாதம் ஆயிற்று. ஓய்வூதிய ஆணை வர மேலும் நான்கு மாதம். இடையில் ஒருமுறை விண்ணப்பம் காரணம் கூறாமல் திருப்பப்பட்டது. திங்கள்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்தோம். அதற்குக் கொடுத்த ஒப்புகைச் சீட்டின் எண்ணைக் காட்டிக் கேட்ட பிறகே கோப்பு அசைந்தது.

இந்த ஒப்புகைச் சீட்டைப் பற்றி ஒரு சொல். வாய்மொழியாகக் கேட்பவனை நாளைக்கு வரச் சொல்லிவிடலாம்; எண் வைத்திருப்பவனை அப்படிச் சொல்வது சற்றுக் கடினம். இ-சேவை மையத்தில் தரும் சீட்டையும் எறிந்துவிடக் கூடாது. அதற்கும் அசையாவிடில் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்துடன் ‘என் விண்ணப்பம் எந்த நிலையில் உள்ளது?’ என்று எழுதிக் கேட்கலாம். முப்பது நாளில் விடை தந்தாக வேண்டும். ரேஷன் அட்டைக் குறைகளுக்கு ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை வட்டந்தோறும் முகாம் நடக்கிறது. முதலமைச்சரின் உதவி மையத்துக்கு 1100 என்னும் எண் உண்டு. இவை இருக்க, அலுவலக வாயிலில் நின்று ‘இரண்டாயிரம் கொடு, முடித்துத் தருகிறேன்’ என்பவனிடம் ஏன் போகிறார்கள் என்று கேட்கலாம். வழி சொல்ல அவன் ஒருவன்தானே அங்கே நிற்கிறான்!

இங்கே ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. 1956இல் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் பகல் உணவு தொடங்கியது. 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 2022இல் காலை உணவும் வந்தது. இவற்றுக்காக எந்தத் தாயும் வருமானச் சான்று தேடி அலைந்ததில்லை. பிள்ளை பள்ளிக்குப் போனால் தட்டில் சோறு விழுகிறது. நம் கல்லூரியில் அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவியர் புதுமைப்பெண் திட்டத்தில் 2022 முதலும், மாணவர்கள் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் பெறலாயினர். பழைய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டமே புதுமைப்பெண்ணாக மாற்றப்பட்டது. தாலித் தங்கத்தைவிடப் பட்டம் பெரிது என்று கருதுபவன் நான். அது நிற்க. இப்பணத்துக்காக நாம் எந்த அலுவலகத்தைத் தேடினோம்? கல்லூரியே பட்டியல் எடுத்து, படிவம் நிரப்பி அனுப்பியது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவமும் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு சேர்க்கிறது. கதவு ஆளைத் தேடி வரும் திட்டங்களில் விடுபடுவோர் குறைவு. ஆள் கதவைத் தேடிப் போக வேண்டிய திட்டங்களில், யாருக்கு மிகவும் வேண்டுமோ அவரே விடுபடுகிறார். ஏனெனில் கண் தெரியாதவரும், எழுத்தறியாதவரும், ஒருநாள் கூலியை இழக்க முடியாதவரும் அவர்தாம்.

மற்ற நாடுகள் இச்சிக்கலை எப்படி எதிர்கொண்டன? இங்கிலாந்தில் இரண்டாம் உலகப் போர் மூண்ட மறுநாள், 1939 செப்டம்பர் 4இல், ஏறத்தாழ இருநூறு குடிமக்கள் ஆலோசனை நிலையங்கள் திறக்கப்பட்டன. தொண்டர்கள் மேசை போட்டு உட்கார்ந்து, வீடிழந்தோர்க்கும் பங்கீட்டு அட்டை தொலைத்தோர்க்கும் எங்கே போக வேண்டும் என்று சொன்னார்கள். போர் முடிந்தும் அவை மூடப்படவில்லை. அமெரிக்காவில் 1997இல் அட்லாண்டா நகரில் 211 என்னும் தொலைபேசி எண்ணை ஏற்படுத்தினர். வாடகை கட்ட இயலாதவரும் உணவில்லாதவரும் அந்த ஓர் எண்ணை அழைத்தால், அருகிலுள்ள உதவி எது என்று சொல்லப்படும். நம்முடைய இ-சேவை மையங்கள் நல்ல ஏற்பாடுதான். ஆனால் நீங்கள் கேட்கும் விண்ணப்பத்தை அவை பதிந்து தரும். நீங்கள் கேட்கத் தெரியாத உதவியை எடுத்துச் சொல்வது அவற்றின் வேலையன்று.

கேட்கத் தெரியாதவற்றுள் இரண்டை மட்டும் இங்கே வற்புறுத்திச் சொல்வேன். முதலாவது, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012இல் இப்பெயர் பெற்றது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் வரை சிகிச்சை உண்டு. வருமானச் சான்றும் ரேஷன் அட்டையும் ஆதாரும் கொண்டு சென்று பதிய வேண்டும். நோயாளியைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு வருமானச் சான்றுக்கு ஓடுவதை மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை வளாகத்தில் நான் கண்டிருக்கிறேன். அட்டையை நல்ல நாளிலேயே வாங்கி வைப்பது நல்லது.

இரண்டாவது, நலவாரியம். கட்டடத் தொழிலாளர்க்கு 1994இல் வாரியம் அமைந்தது. பின்னர் உடலுழைப்புத் தொழிலாளர், கைத்தறி நெசவாளர், விசைத்தறித் தொழிலாளர், ஆட்டோ ஓட்டுநர், தையற்காரர், சலவைத் தொழிலாளர், வீட்டு வேலை செய்வோர், பொற்கொல்லர் எனத் தனித்தனி வாரியங்கள் வந்தன. பதினெட்டு முதல் அறுபது வயதுக்குள் பதிய வேண்டும்; பதிவுக்குக் கட்டணம் இல்லை; காலம் தவறாமல் புதுப்பிக்க வேண்டும். விபத்து, இறப்பு, மகப்பேறு, திருமணம், அறுபதுக்குப் பின் ஓய்வூதியம் ஆகியவற்றோடு பட்டப்படிப்புப் படிக்கும் பிள்ளைகளுக்கும் உதவித்தொகை உண்டு. நம் வகுப்பில் எத்தனை பேரின் தந்தையர் இத்தொழில்களில் இருக்கின்றனர்! பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு பகுதிகளிலிருந்து வரும் நண்பர்களுக்கு இதைச் சிறப்பாகச் சொல்ல வேண்டும். கடன் சுமையால் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர் சிலர் சிறுநீரகத்தையே விற்ற செய்தி 2025இல் நாளேடுகளில் வந்ததை நாமெல்லாம் படித்தோம். நலவாரிய அட்டை ஒன்று அவர்தம் கடனை அடைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கடன் வாங்கத் தூண்டும் முதல் இடி பெரும்பாலும் ஒரு நோயோ, ஒரு சாவோ, ஒரு கல்யாணமோதான். அந்த இடங்களில்தான் இந்த அட்டை பயன்படும்.

எங்கள் தெருவில் தள்ளுவண்டியில் தட்டுவடை செட் விற்கும் அக்கா ஒருவர், 2020இல் வந்த தெருவோர வியாபாரிகள் கடன் திட்டத்தில் முதல் தவணையாக 10,000 ரூபாய் பெற்றார். அவருக்குச் சொன்னவர் வண்டிக்குக் காய்கறி போடுபவர். செய்தி இப்படித்தான் தற்செயலாகப் பரவுகிறது.

நம் கல்லூரியில் 1969 முதல் இயங்கிவரும் தேசிய இளைஞர் திட்டமான நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது. ஆண்டுதோறும் கிராமத்துக்குச் சென்று ஏழு நாள் தங்கிப் பார்த்தீனியச் செடி பிடுங்குகிறோம், நல்லதுதான். செடி அடுத்த மழைக்கு மீண்டும் முளைத்துவிடுகிறது. நூற்றிருபது மணி நேரப் பணியில் நாற்பது மணி நேரத்தை நகருக்குள் செலவிட்டால் என்ன என்று திட்ட அலுவலரான பேராசிரியரிடம் கேட்டேன். இசைந்தார். சென்ற பருவத்தில் ஆறு பேர் தொடங்கினோம். திங்கட்கிழமை காலை குறைதீர்க்கும் நாளுக்கு வருவோருக்கு மனு எழுதித் தருகிறோம். எந்த அலுவலகம் என்று தெரியாதவர்க்குச் சொல்கிறோம். தெரியாததைக் கேட்டு வந்து மறுவாரம் சொல்கிறோம். தவறாகச் சொல்லி ஒரு பெரியவரை இருமுறை அலைய விட்டதும் உண்டு. அதிலிருந்து, வட்டத்தையும் துறையையும் உறுதி செய்யாமல் எவரையும் அனுப்புவதில்லை.

ஆயாவுக்கு முதல் மாதப் பணம் வந்த அன்று வங்கிக்கு நானும் போயிருந்தேன். இரண்டு ஐந்நூறும் இரண்டு நூறுமாக வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, “பையனுக்கு ஒரு போன் போட்டுக் குடு கண்ணு, வந்துருச்சுன்னு சொல்லோணும்” என்றார்.

அடுத்த பருவத்தில் எங்களுக்கு இன்னும் பத்துப் பேராவது வேண்டும். விருப்பமுள்ளோர் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கல்லூரி வாயிலுக்கு வரலாம்; முதல் இரண்டு மணி நேர வகுப்புக்கு இசைவுக் கடிதம் துறைத்தலைவரிடம் முன்னதாகவே பெற்றுவிட வேண்டும். நீலமைப் பேனாவும், கோடு போடாத வெள்ளைத் தாளும், எழுதப் பலகையும் கொண்டு வருக. தெலுங்கோ சௌராட்டிரமோ பேசத் தெரிந்தவர்கள் இருவராவது வந்தால் அம்மாப்பேட்டைப் பகுதி முதியோர்க்குப் பேருதவியாக இருக்கும்.